டிரைவரம்மா சாப்பிட்ட காலிஃபிளவர்

வாய் மட்டும் இல்லையென்றால் மேக்கப்பை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஸ்டுடியோவில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அந்த வாயே ஒருநாள் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அடுப்படியில் நிறுத்தியது.

அவன் வேலை, சாப்பாட்டுக்கு மேக்கப் போடுவது; அதனால் அவன் பெயரே மேக்கப்பு ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு பிழைப்பு இருக்கிறது. கடை வாசலிலும் பத்திரிகையிலும் எச்சில் ஊற வைக்கிற படங்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதெல்லாம் படம் பிடிப்பதற்கு முன்னால் ஒருவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அலங்காரம் செய்தது. ஐஸ்கிரீம் என்று நீங்கள் ஏங்குவது மசித்த உருளைக்கிழங்கு. கிண்ணத்தில் இருக்கும் பால், பேப்பர் ஒட்டுகிற வெள்ளைப் பசை. ரொட்டி மேல் வழிகிற தேன், வண்டிக்கு ஊற்றுகிற ஆயில். இந்தக் கொடுமைகளையெல்லாம் மனசாட்சி உறுத்தாமல் செய்து, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேலும் தனிக்கட்டையாகவே காலத்தை ஓட்டிவிட்டான். அவன் கைபட்ட எதையும் இதுவரை ஒரு ஜீவன் தின்றதில்லை. ஸ்டுடியோவுக்கு வந்துபோகிற பூனைகூட மோந்து பார்த்துவிட்டு, ‘உன் சங்காத்தமே வேண்டாம்’ என்று திரும்பிப் போய்விடும்.

தொழிலில் அவனுக்கு ஒரே விதி. எதையும் வேக வைக்காதே. வெந்தது சுருங்கும், தொங்கும், நிறம் செத்துப்போகும். பச்சையாக இருப்பதுதான் கேமரா முன்னால் விறைப்பாக நிற்கும். மேலே ஒரு பூச்சு, பழுக்கக் காய்ச்சின கம்பியால் நாலு கோடு, கேஸ் டார்ச்சால் ஓரத்தை லேசாக ஒரு கருக்கு. அவ்வளவுதான், பார்க்கிறவன் வயிறு கூப்பாடு போடும். அப்படி அவன் ஜோடித்த ஒரு காலிஃபிளவர், பாத்திரக் கம்பெனி விளம்பரமாக நகரத்துப் பஸ்களின் பக்கவாட்டில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பஸ்களில் ஒன்றை ஓட்டியவள்தான் டிரைவரம்மா. டெர்மினலில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் போய், தன் காலிஃபிளவரைத் தானே ரசித்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான் மேக்கப்பு. மேலே ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

“ஹலோ, ஏறணும்னா ஏறுங்க. இல்ல, பஸ்ஸையே கட்டிக்கப் போறீங்களா?”

“இது நான் செஞ்சதுங்க,” என்றான் அவன்.

“எது, பஸ்ஸா?”

“காலிஃபிளவரு.”

டிரைவரம்மா இறங்கியே வந்துவிட்டாள். காக்கிச் சட்டை, கையில் பாதி கடித்த பிஸ்கட். “அந்தப் பாவி நீங்கதானா? நாள் பூரா இதைச் சுமந்துக்கிட்டு ஓட்டுறேன். சைடு கண்ணாடியைப் பாக்கறப்ப எல்லாம் வயிறு கத்துது. டிப்போவுக்கு வந்து டப்பாவைத் தொறந்தா வரட்டு ரொட்டி!”

அந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். தன் வாயால் கெடுகிற தவளை சும்மா இருக்குமா? “ஒருநாள் வீட்டுக்கு வாங்க, நானே சுட்டுத் தரேன்,” என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மற்றதெல்லாம் நடந்தது. டெர்மினல் கடையில் ஒரு டீ, பிறகு இன்னொரு டீ, பிறகு அவளுடைய ஷிப்ட் முடிகிற நேரம் இவனுக்கு மனப்பாடம் என்கிற அளவுக்கு முற்றிப்போனது. அவளைப் பார்க்காத நாளில் மேக்கப்புக்கு வேலை ஓடவில்லை. ஒருநாள் பசைப் பாலில் நிஜப் பாலை ஊற்றி, படப்பிடிப்பையே கெடுத்தான். கல்யாணம் என்ற வார்த்தையை அவன் ஒருவழியாக வாயிலிருந்து வெளியே தள்ளியபோது டிரைவரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“எனக்குச் சம்மதம்தாங்க. ஆனா எங்க வீட்டுல ஒரு வக்கீல் இருக்கு. அது சரின்னாதான் சரி. அது வேணாம்னு தலையாட்டிடுச்சுன்னா உங்க ரூட்டு வேற, என் ரூட்டு வேற. அப்புறம் அழக்கூடாது.”

வக்கீல் என்பது அவளுடைய பதினொரு வயது மகள். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அந்தப் பெயர். அந்தக் குழந்தையின் அப்பாவை விட்டுத் தாயும் மகளும் வெளியே வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றி டிரைவரம்மா பேசியதில்லை, இவனும் நோண்டியதில்லை. விஷயம் காதுக்குப் போனதும் வக்கீல் ஒரே வரியில் உத்தரவு போட்டிருந்தாள்: “பஸ்ஸுல இருக்கிற காலிஃபிளவரை அந்த அங்கிள் செஞ்சு தரட்டும். சாப்பிட்டுட்டுச் சொல்றேன்.”

சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. காலையிலேயே மேக்கப்பின் அக்கா போன் பண்ணிவிட்டாள்.

“டேய், உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமாடா?”

“அக்கா, என் காலிஃபிளவர் ஊரெல்லாம் போகுது...”

“போறது படம்டா மடையா. படத்தைத் திங்க முடியுமா? பேசாம ஹோட்டல்ல வாங்கி உன் தட்டுல மாத்தி வை. முழுப் பூசணிக்காயையே சோத்துல மறைக்கிற ஆளு, ஒரு காலிஃபிளவரை மறைக்க மாட்டியா?”

“இல்லக்கா. இந்த ஒண்ணையாவது நிஜமா செய்யணும்னு இருக்கு.”

தம்பி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. “அவ்வளவு பிடிச்சிருக்காடா?” என்றாள். “ஆமாக்கா” என்றான். “சரி, எதுக்கும் நாலு ரொட்டி வாங்கி வச்சுக்க,” என்று போனை வைத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, மேக்கப்பு சுத்தமான மனசோடுதான் ஆரம்பித்தான். கடைக்காரன் முறைக்கிறவரை புரட்டிப் புரட்டிப் பார்த்து, கூட்டத்திலேயே அழகான பூவாகப் பொறுக்கி வந்தான். தண்டோடு சேர்த்து நட்டநடுவில் வெட்டினான். தண்டு பிடித்துக்கொண்டால்தான் துண்டு உதிராமல் நிற்கும், அது தொழிலில் கற்றது. விரல் தடிமனுக்குப் பலகை பலகையாகத் துண்டுகள். எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், நசுக்கின பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் குழைத்துத் தடவினான். விளம்பரம் எடுத்தபோது கம்பெனி கொடுத்த கிரில் சட்டி, அடியில் வரிவரியாக மேடு வைத்த கனமான இரும்பு, பரண்மேல் கிடந்தது. தூசி தட்டி அடுப்பில் ஏற்றினான்.

மிதமான தீயில் மூடி போட்டு முதலில் வேக விடவும், தண்டில் கத்தி சிரமமில்லாமல் இறங்கினால் மூடியை எடுத்துத் தீயைக் கூட்டிக் கோடு விழ வைக்கவும் என்று கைபேசியில் போட்டிருந்தது. படித்தான். படித்தது கண்ணோடு நின்றுவிட்டது. வேகும்வரை காத்திருப்பது என்ற பழக்கமே அந்த உடம்புக்குக் கிடையாது. சட்டியில் போட்ட துண்டு உடனே சிவக்கவில்லை. வெளிறிப்போய்க் கிடக்கிறதே, இதைப் போய் எப்படி அந்தக் குழந்தைக்கு முன்னால் வைப்பது? அடுப்பைச் சுற்றி நடந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான்.

வாசல் மணி அடித்தது.

அப்போது நடந்ததற்கு அவன் மூளை பொறுப்பில்லை. கைதான் பொறுப்பு. அடுப்பு மேடையில் எப்போதும் இருக்கிற அவனுடைய வேலைப் பெட்டி திறந்தது. பிரஷ் வெளியே வந்தது. பாட்டிலில் கலந்து வைத்த பூச்சில் முங்கியது. சோயா சாஸ், கருக்கின சர்க்கரைத் தண்ணீர், நிறம் வழியாமல் ஒட்டிக்கொள்வதற்குப் பாத்திரம் கழுவுகிற சோப்பு, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பூச்சு. துண்டுகள் மேல் பிரஷ் போய் வந்தது. அடுப்பில் கம்பி காய்ந்தது, கோடு விழுந்தது, டார்ச் சீறியது. இரண்டாவது மணி அடிப்பதற்குள் காலிஃபிளவர் பொன்னிறத்தில் தகதகவென்று தட்டில் உட்கார்ந்திருந்தது. ‘அடடா, வெந்துடுச்சே!’ என்று மனசாரச் சந்தோஷப்பட்டுக் கதவைத் திறக்க ஓடினான் அந்த அசடு.

டிரைவரம்மா காக்கி இல்லாமல் பூப்போட்ட சட்டையில் வந்திருந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

மேஜைக்குத் தட்டு வந்ததும் டிரைவரம்மா கையைத் தட்டினாள். “ஐயோ, பஸ்ஸுல இருந்து எறங்கி வந்த மாதிரியே இருக்கே!”

வக்கீல் தட்டைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு விசாரணை தொடங்கியது.

“நீங்களே செஞ்சதா அங்கிள்?”

“நானேதாம்மா.”

“கடையில வாங்கலையே?”

“சத்தியமா இல்ல.”

“ருசி பாத்தீங்களா?”

இத்தனை வருஷத் தொழிலில் அவனிடம் யாருமே கேட்காத கேள்வி அது. மேக்கப்பு திருதிருவென்று விழித்தான். “அது வந்து... விருந்தாளிங்க சாப்பிட்டப்புறம்தானே நாம...” என்று இழுத்தான்.

அதற்குள் டிரைவரம்மா பசி பொறுக்காமல் கத்தியை வைத்து அழுத்தியிருந்தாள். கத்தி இறங்கவில்லை. தட்டு நகர்ந்தது. ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்து ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டாள். நறுக் என்ற சத்தம் கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. இன்னொரு நறுக். அப்புறம் அவள் உதட்டோரத்தில் ஒரு சின்னக் குமிழி எழும்பி, வானவில் காட்டி, பட்டென்று உடைந்தது.

குமிழியைப் பார்த்ததும் மேக்கப்புக்கு உயிரே போய்விட்டது. எந்த பிரஷ், எந்த பாட்டில் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

டிரைவரம்மா கஷ்டப்பட்டு விழுங்கினாள். “நல்லா இருக்கு,” என்றாள். “ரொம்ப நல்லா இருக்குங்க.” சொன்னதோடு நிற்காமல் இன்னொரு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வக்கீல் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அதுவரை குறும்பாக இருந்த முகம் அப்படியே இறுகிப்போயிற்று.

“கிளம்பலாம்மா.”

“என்னடி இது, மரியாதை இல்லாம? உக்காரு.”

“நீ நல்லா இருக்குன்னு சொல்லிட்ட. கிளம்பலாம்.” பிறகு மேக்கப்பைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. “அங்கிள், அப்பா வீட்டுல எங்கம்மா எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. காபி ஆறிப்போயிருந்தாலும் நல்லா இருக்கு. அப்பா வாங்கிட்டு வந்த செருப்பு கடிச்சு ரத்தம் வந்தாலும் நல்லா இருக்கு. அப்பா தட்டைத் தூக்கிச் செவுத்துல அடிச்ச அன்னிக்குப் பெரியம்மா போன் பண்ணாங்க. அப்பவும் அம்மா நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க. எங்கம்மா நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு வயித்தைக் கலக்கும்.”

“ஏய், சும்மா இருடி,” என்றாள் டிரைவரம்மா. வாயில் இருந்ததை மென்றபடியேதான் சொன்னாள்.

மேக்கப்பு ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். சோப்பு, உப்பு, கருகல், அதற்கு உள்ளே பச்சைத் தண்டு. நாக்கு சுருண்டது. இந்தக் கண்றாவியையா அவள் விழுங்கினாள்? அவளைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்க்கவில்லை. இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அடுத்து என்னவாக மாறப்போகிறதோ என்று. ஒரு பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்புகிறவள், அவன் முகத்துக்குப் பயந்து சோப்பை மென்றுகொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்த்தே இராத ஒருவன் மேல் கோபமும் வந்தது.

எழுந்து போய் அவள் முகவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான்.

“துப்புங்க.”

அவள் தலையை ஆட்டினாள். “பரவால்லைங்க... நல்லாத்தான்...”

“பரவால்ல இல்ல. சோப்பு அது. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். துப்பும்மா.”

டிரைவரம்மா மகளைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். பிறகு அவன் கையில் துப்பினாள்.

“இப்பச் சொல்லு, எப்படி இருக்கு?”

“கொஞ்சம்... வேகல.”

“கொஞ்சமா?”

“வேகவே இல்ல.”

“அப்புறம்?”

“கேவலமா இருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு பறக்கவில்லை. கதவு அறையப்படவில்லை. மேக்கப்பு கையில் அவள் எச்சிலை ஏந்திக்கொண்டு, “ஆமா, கேவலமாத்தான் இருக்கு,” என்று தலையாட்டிக்கொண்டு நின்றான்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

“யோவ், மனுஷனாய்யா நீ? வீட்டுக்குக் கூப்பிட்டு யாராவது சோப்பைப் போடுவாங்களா? வாயா இது, வாஷ்பேசினா? இதைக் கடிக்கிறதுக்கு என் பஸ் டயரைக் கடிக்கலாம்! பல்லு ஆடுது பாரு! பஸ்ஸுல இந்தப் பொய்யை ஒட்டிக்கிட்டுத்தான் இத்தனை நாளா ஊரைச் சுத்தினேனா? இந்த நாற்காலியும் ஆடுது. திரைச்சீலை என்ன கலருய்யா அது, வாந்தி எடுத்த மாதிரி? உன் மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கு, முதல் நாள்ல இருந்து சொல்லணும்னு இருந்தேன்!”

திட்டத் திட்ட அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. மேக்கப்பு ஒவ்வொன்றுக்கும் “ஆமா, ஆமா” என்று தலையாட்டினான். வக்கீல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அம்மா,” என்றாள். “அந்தக் கேவலமா இருக்குன்னு சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லேன்.”

“கேவலமா இருக்குடி!”

“இன்னொரு தடவை.”

தின்ற இரண்டு பேரும் வாயைக் கொப்பளித்த பிறகு டிரைவரம்மா சமையலறைக்குள் புகுந்துவிட்டாள். படத்துக்கு லாயக்கில்லை என்று மேக்கப்பு ஒதுக்கிவைத்த இன்னொரு காலிஃபிளவர் ஃப்ரிட்ஜுக்குள் கிடந்தது. கோணல், ஓரமெல்லாம் மஞ்சள். வேலைப் பெட்டியை வக்கீல் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் பூட்டினாள். துண்டு போட்டதும் இரண்டு துண்டுகள் உதிர்ந்தன, போகட்டும் என்றாள் டிரைவரம்மா. எண்ணெயும் உப்பும் தடவிச் சட்டியில் வைத்து மூடியாயிற்று. மேக்கப்பின் கை இரண்டு முறை மூடியைத் திறக்கப் போனது. இரண்டு முறையும் கரண்டியால் அடி விழுந்தது.

“வேகட்டும்யா. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குல்ல. சிக்னல்ல நிக்கிறதில்லையா?”

வீடு முழுக்கப் புகை. மூவரும் இருமிக்கொண்டே நின்றார்கள். தண்டில் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியதும் மூடியை எடுத்துத் தீயை ஏற்றினார்கள். புரட்டும்போது ஒன்று பிளந்தது, ஒன்று ஒட்டிக்கொண்டது, ஒன்று கரியாகிவிட்டது. கோடு எங்கே விழுந்தது, கருகல் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எலுமிச்சையைப் பிழிந்து தட்டில் கொட்டினார்கள். கேமரா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

டிரைவரம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டாள். வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“ஒரு பக்கம் கருகிப்போச்சு,” என்றாள் டிரைவரம்மா மென்றுகொண்டே. “உப்பு பத்தல. எலுமிச்சை தூக்கல். ஆனா...” இன்னொரு துண்டை எடுத்தாள். “நல்லா இருக்குடி.”

வக்கீல் அம்மாவை நன்றாக ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தட்டை நீட்டினாள். தின்றாள். மறுபடி நீட்டினாள். பாதியில் நிறுத்தி மேக்கப்பின் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், எங்கம்மா திட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க போல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நீங்க ஒத்துக்கிட்டா தினமும் திட்டுவாங்க. உங்களுக்குச் சரியா?”

“வாரத்துல ஒருநாள் லீவு கிடைக்குமாம்மா?”

“லீவாவது மண்ணாவது!” என்றாள் டிரைவரம்மா. ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். “முதல்ல நீ தின்னு பாரு. இனிமே நீ தின்னு பாக்காம இந்த வீட்டுல எந்தத் தட்டும் எங்க ரெண்டு பேருக்கும் வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

வக்கீல் தலையாட்டினாள், சரி என்று. மேக்கப்பு வாய் நிறைய இருந்ததை மென்று விழுங்கினான். உப்பு நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது.